போயிட்டு வா

ஜனவரி 12

அன்புள்ள என்னங்க,

இப்படி ஆரம்பித்தால் தபாலைப் பிரிக்கும்போது பக்கத்துக் கட்டில்காரர் சிரிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சிரிக்கட்டும். வாயால் எப்படிக் கூப்பிடுகிறேனோ அப்படித்தானே எழுத வரும்? நீங்களும் 'இந்தாம்மா'வைத் தவிர வேறு எதுவும் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை. ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விட்டது.

நானும் முட்டைக்கண்ணியும் சுகமாக இருக்கிறோம். அவளுக்கு மூக்கொழுகல் நின்றுவிட்டது. உங்கள் முதுகுவலி தேவலையா? கடல்காற்றில் ஈரத்தலையோடு நிற்காதீர்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். உங்கள் கேன்டீன் போனில் பேசினால், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் தொண்டையைக் கனைப்பதுதான் எனக்குக் கேட்கிறது. நீங்களும் 'ம், ம்' என்று இரண்டு தடவை சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். குழந்தையை ஒரு விளையாட்டு வகுப்பில் சேர்த்திருக்கிறேன். காது கேட்காத சின்னப் பிள்ளைகளுக்கும், காது கேட்கிற அவர்களுடைய அப்பா அம்மாக்களுக்கும் சேர்த்து நடத்துகிறார்கள். ஒரு அச்சகத்துக்கு மேலே மாடி அறை, மரப்பலகைத் தரை. கீழே மெஷின் ஓடினால் தரை அதிரும். பிள்ளைகள் எல்லாம் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நம்மவள்தான் எல்லாருக்கும் முதலில் படுக்கிறாள்.

டீச்சருக்கும் காது கேட்காது. அவர் கையால் சொல்வதை அவர் தங்கை எங்களுக்கு வாயால் சொல்கிறாள். முதல் நாளே எனக்குக் குட்டு விழுந்தது. குழந்தை பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் பழக்கதோஷத்தில் பின்னாலிருந்து "அதை எடுத்துட்டு வாடி தங்கம், கீழ போடாத" என்று பேசிக்கொண்டே இருந்தேன். டீச்சர் தங்கையைப் பார்த்து ஏதோ சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே, "குழந்தையோட முதுகுகிட்ட எதுக்குப் பேசறீங்கன்னு அக்கா கேக்கறாங்க" என்றாள். மூன்று வருஷமாக அந்த முதுகோடுதான் பேசியிருக்கிறேன்.

போன மாதம் நீங்கள் கிளம்பிய காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. உங்கள் ரயில் வருவது எப்போதும் அவள் தூங்குகிற நேரம், கிளம்புவது அவள் முழித்திருக்கிற நேரம். கேட்டருகே அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு தடவையும் போல "அப்பாக்கு டாட்டா காட்டு" என்று ஆட்டிவிட்டேன். நீங்களும் ஒவ்வொரு தடவையும் போல "போறேன்" என்றீர்கள். "போயிட்டு வரேன்னு சொல்லுங்க" என்று நான் கத்தின பிறகுதான் அந்த 'வரேன்' வந்தது. அதைச் சொல்ல உங்களுக்கு என்ன அவ்வளவு கஞ்சத்தனம்?

சாப்பாட்டை ஆறவிடாமல் சாப்பிடுங்கள்.

உங்கள்
இந்தாம்மா


பிப்ரவரி 2

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதுகு பரவாயில்லை. ஈரத்தலைக்கு ஒன்றும் செய்வதற்கில்லை, ஹெல்மெட்டுக்குள் எப்போதும் வேர்வைதான். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா, அவள் மிச்சம் வைப்பதைச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறாயா?

வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்கு மனசு ஒப்பவில்லை. காது மெஷினை மாட்டி, உதட்டைப் பார்க்க வைத்து, பேசப் பழக்குங்கள் என்றுதானே டாக்டர் சொன்னார்? கையைக் காட்டிப் பழக்கினால் வாய் சோம்பேறியாகிவிடும் என்றும் சொன்னார். நீயும்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய்.

துறைமுகத்தில் என் பிழைப்பே கையாட்டுவதுதான். கிரேன் டிரைவர் ஆகாயத்தில் உட்கார்ந்திருக்கிறான். என்ன கத்தினாலும் அவனுக்குக் கேட்காது. கீழே நின்று நான் விரலைச் சுற்றினால் தூக்குவான், உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்குவான். கை கொஞ்சம் பிசகினால் ஒருத்தன் உயிர் போய்விடும். எல்லாரும் எனக்குக் 'கைகாட்டி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். நாள் பூராவும் யாரோ ஒருவனுக்குக் கையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பெற்ற பிள்ளையிடமும் கையாட்டுவதா?

நான் கேட்பது ஒரே ஒரு சொல். அப்பா. பக்கத்துக் கட்டில்காரனின் மகள் போனில் "அப்பா, அப்பா" என்று கத்துவது வரிசையில் அடுத்து நிற்கிற என் காதுவரை கேட்கிறது. அவன் போனை என்னிடம் கொடுக்கும்போது அது சூடாக இருக்கிறது. அதற்கப்புறம் எனக்கு 'ம்' தவிர எதுவும் வருவதில்லை. போதுமா?

மே மாதம் லீவு கேட்டிருக்கிறேன்.

குழந்தைக்கு என் முத்தம்.

என்னங்க


பிப்ரவரி 26

அன்புள்ள என்னங்க,

நாங்கள் இருவரும் நலம். எனக்கு லேசாக இருமல், கஷாயம் வேண்டாம் என்று சும்மா விட்டுவிட்டேன். உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கோபமில்லை. போன் சூடாக இருக்கும் என்று எழுதியதைப் படித்தபின் எப்படிக் கோபம் வரும்? மெஷினை மாட்டாமல் விடவில்லை. அவளே இரண்டு நிமிஷத்தில் கழற்றி வாளித் தண்ணீரில் போடுகிறாள். மாட்டினாலும் அவளுக்குக் கேட்பது இடிச்சத்தம் மட்டும்தான் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு சங்கதி சொல்கிறேன். சோப்புக் குமிழி ஊதுகிற விளையாட்டு ஒன்று. ஊத வேண்டும். பிறகு நிறுத்திவிட்டு, குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த 'சும்மா இரு' இருக்கிறதே, அதைப் போலக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. கை தானாகக் குழலை வாய்க்குக் கொண்டுபோகிறது. எங்கள் வகுப்பில் ஒரு பஸ் கண்டக்டர் வருகிறார். அவர் பாவம், ஐந்து நொடிகூடப் பொறுக்காமல் "ரைட், ரைட்" என்று ஊதிவிடுகிறார். டீச்சர் அவர் குழலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முட்டைக்கண்ணி குழலைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள், காலை உதைத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. டீச்சர் காட்டியபடி, இரண்டு கை விரல்நுனிகளையும் சேர்த்துத் தட்டினாள். 'இன்னும்.' என்னங்க, அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்! பிறந்ததிலிருந்து அழுது கேட்டிருக்கிறாள், இழுத்துக் கேட்டிருக்கிறாள். ஒரு சொல்லால் கேட்டது அன்றைக்குத்தான். தலை சுற்றும்வரை ஊதினேன்.

வீட்டில் உங்கள் போட்டோவைப் பார்த்தால் டாட்டா காட்டுகிறாள். நான் பிடித்து ஆட்டுவதைப் பார்த்துப் பார்த்து, இடது கையால் தன் வலது மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு ஆட்டுகிறாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆணியில் தொங்கும் உங்கள் சட்டைக்கும் டாட்டாதான். தெருவில் யாராவது யாருக்காவது கையசைத்தால் போதும், கேட்டுக்கு ஓடி எட்டிப் பார்க்கிறாள். சரியான ஊர்சுற்றியாக வரப்போகிறாள், உங்களைப் போல.

உங்கள்
இந்தாம்மா


மார்ச் 22

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

நலம். இருமல் நின்றதா? நிற்காவிட்டால் டாக்டரிடம் போ, சும்மா விடுகிற பழக்கத்தை விடு.

குமிழிக் கதையை இரண்டு தடவை படித்தேன். பிறகு கிரேன் டிரைவருக்குப் படித்துக் காட்டினேன். "அண்ணே, உங்க வீட்ல எல்லாருமே கைகாட்டிதானா" என்கிறான். அடிக்கக் கையை ஓங்கினேன், ஆனால் மனசுக்குள் எங்கோ இனித்தது. அதை உன்னிடம் ஒப்புக்கொள்வதில் என்ன இருக்கிறது?

ஷிப்டு முடிந்து ஒரு வேலை செய்கிறேன். பெட்டிப் பலகையை அறுத்து ஒரு சின்னக் கிரேன். நூல்கண்டுக் கட்டையில் நூல் சுற்றி, கம்பியை வளைத்துக் கொக்கி போட்டிருக்கிறேன். பிடியைச் சுற்றினால் நிஜமாகவே தூக்கும். நான் விரலைச் சுற்றினால் அவள் தூக்க வேண்டும், கையைக் கவிழ்த்தால் இறக்க வேண்டும். அவள் டிரைவர், நான் கைகாட்டி. இது சரியான விளையாட்டா என்று உன் டீச்சரிடம் கேட்டு எழுது.

எனக்குக் கையால் என்ன பேர் வைத்திருக்கிறாள்? உனக்கு, டீச்சருக்கு எல்லாம் வைத்திருப்பாளே.

இன்னொன்று. என் ஒப்பந்தம் ஜூலையில் முடிகிறது. கப்பல் நிற்கப் புதுத் தளம் கட்டுகிறார்கள், இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு என்று ஆபீசில் கேட்கிறார்கள். போட்டால் நடுவில் லீவு கிடையாது, விலகவும் விடமாட்டார்கள். போடுவதாக இல்லை. அங்கே ஏதாவது கிடங்கில் வேலை பார்த்துக்கொள்ளலாம். அவள் வாயைத் திறந்து கூப்பிடாவிட்டாலும் போகட்டும், கையாலாவது கூப்பிடட்டும். எதனாலோ ஒன்றால் அவள் என்னைக் கூப்பிட்டால் நான் வந்துவிடுவேன்.

என்னங்க


ஏப்ரல் 14

அன்புள்ள என்னங்க,

எல்லாரும் நலம். இருமல் போய்விட்டது. நீங்கள் வரப்போகிறீர்கள் என்பதே எனக்கு மருந்து. 

கிரேனைப் பற்றிச் சொன்னதும் டீச்சர் கைதட்டிக் குதித்தார். அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை. "இதைவிட நல்ல விளையாட்டு என்கிட்டயே இல்லைன்னு அக்கா சொல்றாங்க" என்றாள் தங்கை.

பேர் கேட்டீர்கள். எனக்குக் கன்னத்தில் ஒரு விரல், என் மச்சம். டீச்சருக்கு, தரையில் தட்டுவது. கண்டக்டருக்கு, பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் அறைவது போல ஒரு அறை. அவர் அந்தப் பேரைக் கேட்டு, இல்லை, பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உங்களுக்கு இன்னும் வைக்கவில்லை போலிருக்கிறது. மீசையைத் தடவிக் காட்டினேன், சட்டை செய்யவில்லை. நேரில் பழகி விளையாடினால்தான் பேர் வரும், அவசரப்படுத்தாதீர்கள் என்கிறார் டீச்சர்.

வந்ததும் பின்னாலிருந்து தூக்கிவிடாதீர்கள், பயந்துபோவாள். தரையில் உட்காருங்கள். அவள் கண்ணுக்கு நேரே உங்கள் முகம் இருக்க வேண்டும். பொம்மையை வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். அவள் எதைப் பார்க்கிறாளோ அதைப் பாருங்கள். அவள் கை என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். உங்களுக்கா கையைப் படிக்கத் தெரியாது?

சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்
இந்தாம்மா


மே 30

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது.

தந்தி வந்ததால் பாதி லீவில் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். இங்கே வேலை நெருக்குகிறது. ஆபீசில் மறுபடியும் கூப்பிட்டுக் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். யோசித்துத்தான் போட்டேன்.

குழந்தையை நீ நன்றாக வளர்க்கிறாய். அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. அது போதும்.

முதுகு பரவாயில்லை.

என்னங்க


ஜூன் 16

அன்புள்ள என்னங்க,

நாங்கள் நலம். நீங்கள் நலம் என்று எழுதியிருப்பதை நம்புகிறேன்.

தந்தி வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்க வீட்டில் இருந்தது நான். தபால்காரர் ஒரு தடவைதான் வந்தார், அதுவும் எதிர்வீட்டுக்கு. நான் கேட்கவில்லை. சொல்ல இஷ்டமிருந்தால் சொல்லுங்கள்.

கிரேன் கூடத்து நடுவிலேயே இருக்கிறது. யாரும் நகர்த்தக் கூடாது. அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, எதிரே நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்க்கிறாள். நான் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தால் என் முட்டியைப் பிடித்துத் தள்ளுகிறாள்.

இந்தத் தடவை கேட்டருகே நீங்கள் எதுவுமே சொல்லவில்லை. 'போறேன்' என்றுகூடச் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் நானே சொல்லியிருப்பேன், போயிட்டு வாங்க என்று.

இரண்டு வருஷம். சரி. கையெழுத்துப் போட்டாயிற்று.

இந்தாம்மா


ஆகஸ்ட் 2

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு வேலைதான் காரணம் என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். வேலை காரணமில்லை. உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது.

தந்தி எதுவும் வரவில்லை. உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை, அதனால் சரியாகவும் சொல்ல வரவில்லை.

முதல் நாள் காலையில் அவள் கண்ணைத் திறந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், நீ சொன்னபடி. என்னைப் பார்த்தாள். கண் அப்படியே விரிந்தது. எழுந்து வந்து எதிரே நின்று, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு டாட்டா காட்டினாள். சிரித்தேன். இப்போதுதானே வந்தேன், அதற்குள் அனுப்புகிறாயே என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடும்போது காட்டினாள். குளித்துவிட்டு வந்தால் காட்டினாள். நீ அடுப்படியில் இருந்தாய், உனக்குத் தெரியாது.

மூன்றாவது நாள் கிரேன் விளையாடினோம். நான் விரலைச் சுற்றினேன். அவள் பிடியைச் சுற்றினாள். கொக்கியில் மாட்டிய கட்டை மேலே போனது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. என்ன சிரிப்பு சிரித்தாள் தெரியுமா? நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்போடே என் முகத்தைப் பார்த்து, மணிக்கட்டைப் பிடித்து, போ, போ, போ என்று ஆட்டினாள். நான் கையை நீட்டினேன். அவள் இன்னும் வேகமாக ஆட்டினாள்.

எனக்கு ஒரு கையைப் படிக்கத் தெரியாதா? பதினோரு வருஷமாக அதற்குத்தானே சோறு போடுகிறார்கள். பொம்மை கொண்டுவந்த விருந்தாளி நான். பொம்மையை வைத்துவிட்டுப் போகலாம் என்று சொல்கிறாள். சொல்லட்டும், அவள் மேல் என்ன தப்பு? முகம் பார்க்க வராத அப்பனை எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? ஆனால் மறுபடி மறுபடி அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால்தான் கிளம்பினேன். அதனால்தான் கையெழுத்தும் போட்டேன்.

இதைப் படித்துவிட்டு அவளைத் திட்டாதே.

என்னங்க


ஆகஸ்ட் 21

என்னங்க,

நலம் விசாரிக்க இன்று எனக்குப் பொறுமையில்லை. இதை நின்றுகொண்டு படிக்காதீர்கள், எங்காவது உட்காருங்கள்.

உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய் டீச்சரின் தங்கையிடம் கொடுத்தேன். அவள் படித்து அக்காவுக்குச் சொன்னாள்.  டீச்சர் என் பையில் இருந்த உங்கள் போட்டோவைக் கேட்டார். கண்டக்டர் படம், என் படம், பூனைப் படம், எல்லாவற்றையும் உங்கள் போட்டோவோடு ஒரு டப்பாவில் போட்டுக் குழந்தையிடம் நீட்டினார். ஒவ்வொன்றாக எடுத்து, இது யார் என்று சொல்கிற விளையாட்டு. பூனை வந்தது, மீசை காட்டினாள். கண்டக்டர் வந்தார், தகரத்தை அறைந்தாள். நான் வந்தேன், கன்னத்தில் விரல். நீங்கள் வந்தீர்கள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஆட்டினாள்.

நான், "பாத்தீங்களா, இதான் டாட்டா" என்றேன்.

டீச்சர் எழுந்து கதவருகே போய், குழந்தையைப் பார்த்துப் பெரிதாக டாட்டா காட்டிவிட்டு வெளியே போனார். குழந்தை பதிலுக்குக் கையசைக்கவில்லை. எழுந்து ஓடி, டீச்சரைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போய், கம்பிக்கு இடையில் முகத்தை வைத்துக் கீழே எட்டிப் பார்த்தாள். யாரையோ தேடுகிறாள். நம் கேட்டில் எட்டிப் பார்ப்பாளே, அதே மாதிரி. பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, இரண்டு கையையும் விரித்தாள். இல்லை.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா சொல்றாங்க, அது டாட்டா இல்லீங்க. அது அவங்க அப்பா பேரு."

என்னங்க, நீங்கள் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் நான்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்து, உங்களைக் காட்டிக்காட்டி ஆட்டினேன். போவது என்றால் என்ன என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அந்த மனிதர் எதிரே நிற்கும்போது அம்மா இப்படிக் காட்டுவாள் என்பதுதான். உங்கள் சட்டைக்கு டாட்டா காட்டுகிறாள் என்று சிரித்தேனே. சட்டைக்கு யாராவது டாட்டா காட்டுவார்களா? இது அப்பாவோடது என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்கு உறைக்கவில்லை.

அந்த மூன்று நாளும் அவள் உங்களை அப்பா, அப்பா என்றுதான் கூப்பிட்டாள். நீங்கள் பதில் சொல்லாததால் இன்னும் பலமாகக் கூப்பிட்டாள்.

நீங்கள் சுற்றிக் காட்டிய விரலை அவள் மறக்கவில்லை. என்னைத் தூக்கு என்று சொல்ல இப்போது அதைத்தான் காட்டுகிறாள்.

உங்கள்
இந்தாம்மா


அக்டோபர் 5

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அவளும் சுகம்தானே?

உன் கடிதத்தோடு அன்றைக்கே ஆபீசுக்குப் போனேன். சூப்பர்வைசர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லித்தான் பேசினார். "போட்ட கையெழுத்தை நான் எப்படிப்பா அழிக்கிறது?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேலே எழுதிப் பார்த்தார். பதில் வந்துவிட்டது. முடியாது.

சாயங்காலம் ஷிப்டு விட்டால் இரண்டு பஸ் கிளம்பும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலிலிருந்து கையாட்டுவார்கள், நிற்கிறவர்கள் பதிலுக்கு ஆட்டுவார்கள். தினம் நடப்பதுதான். அன்றைக்கு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பஸ் நிறைய ஆட்கள் என் பிள்ளை என்னைக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டுக்கொண்டு போகிறார்கள். பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். இதை நான் யாரிடம் சொல்வேன், உன்னைத் தவிர?

ஒன்று கேட்க வேண்டும். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, டாட்டா என்றால் போவது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தன் அப்பாவுக்கு என்ன பேர் வைத்திருக்கிறோம் என்பதும் அன்றைக்குத் தெரிந்துவிடும். நான் வரும்வரைக்கும் அந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்காமல் தள்ளிப்போட முடியுமா என்று டீச்சரிடம் கேட்பாயா?

வேண்டாம். கேட்காதே. பிள்ளை ஒரு சொல் குறைவாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று எந்த அப்பனாவது கேட்பானா?

என்னங்க


நவம்பர் 9

அன்புள்ள என்னங்க,

நாங்கள் சுகம். குளிர் ஆரம்பித்துவிட்டது, அங்கேயும் காற்று பலமாக இருக்கும். பழைய ஸ்வெட்டரைப் பிரித்து உங்களுக்கு ஒரு கழுத்துத்துணி பின்னிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் அனுப்புகிறேன்.

நீங்கள் கேட்க வேண்டாம் என்றதால் டீச்சரிடம் கேட்கவில்லை. டாட்டாவைக் கற்றுக்கொண்டுவிட்டாள். வகுப்பு முடிந்து ஒவ்வொரு பிள்ளையாகப் படியிறங்கும்போது மற்றவர்கள் கையாட்டுகிறார்கள். நாலைந்து தடவை பார்த்தாள், புரிந்துகொண்டாள். இப்போது கண்டக்டர் மகனுக்கு முழுக்கையையும் வீசி டாட்டா காட்டுகிறாள். கேட்டுக்கு ஓடுவதும் நின்றுவிட்டது. அது நின்ற அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

உங்கள் பேரை மாற்றிவிடுவாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். மாற்றவில்லை. எல்லாருக்கும் கையை வீசுகிறாள். உங்களுக்கு மட்டும் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். அந்தப் பிடி என்னுடையது, நான் பிடித்துப் பிடித்து வந்தது. அது இருப்பதால்தான் டாட்டா வேறு, உங்கள் பேர் வேறு. 

பந்து விளையாட்டில் 'வா' கற்றுக்கொடுத்தார்கள். பந்து ஓடிப்போனால், உள்ளங்கையைத் தன் பக்கம் மடக்கி அதைக் கூப்பிட வேண்டும். இரண்டு நாள் பந்தைக் கூப்பிட்டாள், பூனையைக் கூப்பிட்டாள், வாளியைக்கூடக் கூப்பிட்டாள்.

நேற்று சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்திருந்தார். பேசிக்கொண்டிருந்தோம். முட்டைக்கண்ணி உங்கள் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றாள். மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினாள். பிறகு கையை விட்டுவிட்டு, 'வா' என்று மடக்கினாள். மறுபடி ஆட்டினாள், மறுபடி மடக்கினாள். இரண்டு சொல்லைச் சேர்த்து அவள் சொன்னது இதுதான் முதல் தடவை.

அக்கா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "அடி என் கண்ணே, அப்பாக்குப் போயிட்டு வான்னு எவ்ளோ அழகா சொல்றா பாரு!" என்றார். நான் "ஆமாங்க்கா" என்றேன். 

அவர் போன பிறகும் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். ஒன்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், பதில் வரும் என்று நான்தானே குமிழி ஊதிக் கற்றுக்கொடுத்தேன். அப்படித்தான் சும்மா நின்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நான் என்ன பதில் காட்ட வேண்டும் என்று எழுதுங்கள்.

உங்கள்
இந்தாம்மா